கல்யாணக் காருக்குப் புது பிரேக்

ஆண்டியப்பன் அரத்தை இரண்டு கையாலும் பிடித்து இரும்பை ராவிக்கொண்டிருந்தான். வைஸில் இறுக்கியிருந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு தடித்த தகடு. பழைய அமெரிக்கக் காரின் முன்சக்கரத்தில், ஜப்பான் பிக்கப்பிலிருந்து கழற்றிய டிஸ்க் பிரேக்கைப் பொருத்த வேண்டுமென்றால் இரண்டுக்கும் நடுவில் இப்படி ஒரு தகடு வேண்டும். கடையில் கிடைக்காது, செய்துதான் ஆக வேண்டும். கொஞ்சம் ராவுவான், எடுத்துப் போய்ச் சக்கரத்தில் வைத்துப் பார்ப்பான், பொருந்தாவிட்டால் காறித் துப்புவான், மறுபடி வைஸில் இறுக்குவான்.

"நர்சம்மா, அந்தப் பக்கம் நிக்காதீங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க."

வெளிச்சத்தை மறைத்தது பனிமூட்டம். எங்கள் ஊர் கொட்டகலையில் அதைத் திட்ட முடியாது என்பதால் என்னைத் திட்டினான். நானும் நகரவில்லை. கிழவியின் படுக்கை விரிப்பை உலர்த்த அந்தக் கொட்டகையில்தான் கயிறு கட்டியிருந்தது.

எனக்கு ஆண்டியப்பனைப் பிடிக்காது. அவனைப் பிடித்தவர்கள் யாரும் இருப்பதாகவும் தெரியவில்லை. டீக்கடையில் டீ ஆறியிருந்தால் குடித்து முடித்துவிட்டுச் சண்டை பிடிப்பான். பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை, கோயிலில் பூசாரியோடு சண்டை. மனைவி பேச்சியம்மாவைக் கை நீட்டி அடித்ததில்லை. அதைப் பெரிய தர்மம் போலச் சொல்லிக்கொள்வான். ஆனால் அவனுடைய வேலையில் நான் குற்றம் கண்டதில்லை. டயகமவில் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, மீசை முளைக்குமுன் தேயிலைக் கொழுந்து லொறியில் ஏறியவன். முதலில் மூட்டை தூக்கினான், பிறகு கிளீனர், பிறகு டிரைவர். பாதி வாழ்க்கை அந்த லொறியை மலையில் ஏற்றி இறக்கினான். ஒரு சாக்குக் கொழுந்துகூடக் கீழே கொட்டியதில்லை என்பதை எதிரிகளும் ஒத்துக்கொள்வார்கள்.

நான் அந்த வீட்டில் இருந்தது காளியாயிக்காக. தோட்டத்து ஆஸ்பத்திரியில் அட்டென்டனாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஹட்டனில் கேர்கிவர் படிப்பும் படித்து முடித்தேன். காளியாயிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்ததும், அவளுடைய மகன் பொன்னையா என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டான். பேச்சியம்மா அவளுடைய மகள். ஆக ஆண்டியப்பன் கிழவிக்கு மருமகன், பொன்னையாவுக்குத் தங்கை புருஷன். அண்ணன் வீடும் தங்கை வீடும் ஒரே வேலிக்குள், நடுவில் இந்தக் கொட்டகை. மச்சான்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

கார் பொன்னையாவுடையது. ஒரு பழைய பங்களாவில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்ததை வாங்கி, சிவப்பு அடித்து, கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டான். நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர், ஸ்டார்ட் பண்ணினால் அடுத்த மலையில் நாய் குரைக்கும். இளவட்டங்கள் மசில் கார் என்று சொல்லிச் சாய்ந்து நின்று போட்டோ எடுக்கும். அத்தனை பலத்தையும் நிறுத்துவதற்கு அதில் இருந்தது நாலு சக்கரத்திலும் பழைய ட்ரம் பிரேக். நேரான, அகலமான ரோட்டுக்குச் செய்த வண்டி. நம்முடைய ரோடுகள் எப்படியென்று அதைச் செய்தவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. கியர் தானாக மாறும் வண்டி என்பதால், லொறியைப் போலச் சின்னக் கியரில் போட்டு எஞ்சினாலே அவ்வளவாக இழுத்துப் பிடிக்கவும் முடியாது.

இரண்டு வருஷத்துக்கு முன் டயகமவிலிருந்து ஒரு மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு ஆண்டியப்பன் இறங்கினான். லொறி லீவில் இருந்த நாள், மச்சானுக்கு உதவியாக ஓட்டியது. இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்ததில் ட்ரம் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போனது. பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்கவில்லை. கீழே பள்ளமும் மேலே மண்மேடும் இருந்த வளைவில் அவன் மேட்டுப் பக்கம் திருப்பினான். உள்ளே இருந்தவர்களுக்குச் சிராய்ப்பு. அவனுக்கு வலது முட்டி உடைந்தது.

என்னுடைய ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிவந்தார்கள். வலிக்கு மருந்து கொடுப்பதற்கு முன் குடித்திருக்கிறானா என்று பார்க்க வேண்டும். வாயை முகர்ந்தேன். வெற்றிலைகூட இல்லை. ஆனால் போலீஸ் வந்து வண்டியைப் பார்த்தபோது ட்ரம் ஆறியிருந்தது. பெடலை மிதித்தார்கள். நன்றாகப் பிடித்தது.

"பிரேக்குக்கு ஒரு குறையும் இல்ல சேர்," என்றான் பொன்னையா. "ஓட்டினவன் தண்ணி போட்டிருந்தான்."

ஆண்டியப்பன் மற்ற நாட்களில் குடிப்பவன்தான். அதனால் எல்லோரும் நம்பினார்கள். நான் முகர்ந்து பார்த்ததைப் பொன்னையாவிடம் சொன்னேன்.

"ஒங்களுக்கு அப்ப தடுமல்ல மூக்கு அடைச்சிருந்திருக்கும் நர்சம்மா," என்றான்.

தோட்டம் ஆண்டியப்பனிடமிருந்து லொறிச் சாவியை வாங்கிக்கொண்டது. முட்டி ஒட்டிக்கொண்டது, நொண்டல் மட்டும் போகவில்லை. அதற்குப் பிறகு அவன் கொட்டகையில் முச்சக்கர வண்டி ரிப்பேர் பார்த்தான். குடிகாரன் என்றால் பரவாயில்லை, குடித்துவிட்டுக் கல்யாணப் பெண்ணைப் பள்ளத்துக்குக் கொண்டுபோனவன் என்று ஊர் சொன்னதைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை. அந்த ஒரு பேச்சை வாபஸ் வாங்கவைக்க வேண்டும், அதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இருந்ததாக நான் பார்க்கவில்லை.

இப்போது பொன்னையாவின் மகள் தனுஜாவுக்கே கல்யாணம். மாப்பிள்ளை வீடு நோட்டன் பிரிட்ஜ். அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்ற மாட்டோம் என்று மாப்பிள்ளையின் தாய் சொல்லி அனுப்பினாள். தனுஜாவோ அந்தக் காரில்தான் போவேன் என்றாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள்.

"மாமா பிரேக்க மாத்தணும். மாமாதான் ஓட்டணும். இல்லன்னா நடந்து போறேன்."

பொன்னையா ஒத்துக்கொண்டான். பிரேக்கை மாற்றினால் பழைய பிரேக் சரியில்லை என்று ஆகிவிடுமே என்பதால், கேட்டவர்களிடமெல்லாம் வேறு கதை சொன்னான்.

"பேஷனுக்குத்தான் போடுறேன். இப்ப எல்லா காருலயும் டிஸ்க்தானே."

அதைக் கேட்டபோது ஆண்டியப்பன் அரத்தை வைஸின் மேல் ஓங்கித் தட்டினான்.

தகடு பொருந்திய பிறகு வேலை வேகமாக நடந்தது. டிஸ்க்கைப் பிடிக்கும் கேலிப்பர் பெரியது, பழைய சக்கரத்துக்குள் அடங்கவில்லை. ஹட்டனில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும், எல்லோரும் 'நானா' என்று கூப்பிடும் சரிபுதீன், அகல ஓட்டை போட்ட பெரிய சக்கரங்கள் தேடிக் கொடுத்தார். அவற்றை மாட்டியதும் உள்ளே டிஸ்க் எவர்சில்வர் தட்டு மாதிரி மினுங்கியது. பின்னால் ட்ரம்மே இருந்தது. ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக எண்ணெய் போகிற மாஸ்டர் சிலிண்டர் வைத்தான்.

"ஒன்னு கைவிட்டாலும் மத்தது பிடிக்கும்," என்றான் பேச்சியம்மாவிடம். அவளுக்குப் புரிகிறதா என்று பார்க்கவில்லை. சொன்னது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பதற்காக.

கடைசியில் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், மற்றவர் கீழே படுத்துச் சக்கரத்தருகே திருகைத் திறந்து மூட வேண்டும். பேச்சியம்மாவின் கால் பெடலில் வலுவாக நிற்கவில்லை. வேறு ஆள் இல்லாமல் பொன்னையா வந்து ஏறினான்.

"மிதிக்கச் சொல்லு," என்றான் ஆண்டியப்பன், காருக்கு அடியிலிருந்து.

"அண்ணே, மிதிக்கவாம்," என்றாள் பேச்சியம்மா.

"மிதிச்சாச்சுன்னு சொல்லு."

"மிதிச்சாச்சாம்."

"விடாம புடிக்கச் சொல்லு. நான் சொல்றதுக்கு முந்தி விட்டா காத்து திரும்ப உள்ள போயிரும். அவசரக்காரனுக்கு இந்த வேல சரிவராது."

"யாருடி அவசரக்காரன்? கேளு அவன."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு," என்றாள் பேச்சியம்மா. ஆனாலும் நடுவில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாலு சக்கரமும் முடிய அவளுடைய தொண்டை கட்டிவிட்டது.

நான் காளியாயியைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசலுக்குத் தள்ளிவந்திருந்தேன். அவளுக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் பேச்சில் குறை இல்லை.

"ரெண்டு எருமையும் ஒரு வண்டியில கெடக்குது பாருங்க நர்சம்மா," என்றாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் ஆண்டியப்பன் காரை எடுத்தான். எங்கள் வீட்டு வாசலிலிருந்து ரோடு கீழே பஜாருக்கு இறங்குகிறது. மேலே கோயில் வளைவு வரை போய்த் திரும்பி, வேகமாக இறங்கி, வாசலுக்கு நேரே மிதித்தான். கார் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. நேராக நின்றது. அதையே திரும்பத் திரும்பச் செய்தான். பெடல் இளகவேயில்லை. வேலிக்கு அப்பால் கல்யாணத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் கூட்டமாய் நின்று பார்த்தார்கள்.

"எங்கண்ணன் வாயத் தொறந்து நல்லாருக்குன்னு சொல்லுவாரான்னு பாருங்க," என்றாள் பேச்சியம்மா என் காதில்.

பொன்னையா சொல்லவில்லை. "பூச போடணும்," என்றான். "போடாம எம் மகள ஏத்த மாட்டேன்."

அதில் தவறு இல்லை. எந்த வண்டிக்குப் புதுச் சாமான் போட்டாலும் பூசை போடுவோம். ஆண்டியப்பனும் மறுக்காமல் குளிக்கப் போனான். கை காலெல்லாம் கிரீஸ், சுடுதண்ணீர் வைத்து அரை நாள் தேய்த்தாலும் போகாத கிரீஸ். அவன் குளியலறையில் இருந்தபோதுதான் இங்கே காரியம் நடந்தது. நானும் அங்கே இல்லை, காளியாயிக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். இதெல்லாம் பார்த்தவர்கள் பிறகு சொன்னது.

எங்கள் பக்கம் மழை நாள் அதிகம். தண்ணீரில் குழைத்த சந்தனமும் குங்குமமும் வண்டியில் ஒரு தூறலுக்கு நிற்காது. அதனால் பொன்னையா நல்லெண்ணெயில் குழைப்பான். அப்படிக் குழைத்ததை பொனட்டில் வைத்தான், கண்ணாடியில் வைத்தான், ஸ்டியரிங்கில் வைத்தான். தேங்காய் உடைத்தான், சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தான். பிறகு, எந்தச் சாமானுக்காகப் பூசையோ அதற்குப் பொட்டு வைக்காமல் விடுவதா? ட்ரம் மூடியிருக்கும், அதற்கு யாரும் பொட்டு வைத்ததில்லை. டிஸ்க்கோ சக்கரத்து ஓட்டை வழியாகப் பளபளவென்று தெரிந்தது. கையை உள்ளே விட்டு இரண்டு டிஸ்க்கிலும் பட்டை பட்டையாகச் சந்தனம் இழுத்து, நடுவே குங்குமத்தை அப்பினான். பக்தியோடுதான் செய்தான். வஞ்சகம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு அவனுக்கு பிரேக் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டும்.

நான் காளியாயியை மறுபடி வாசலுக்குத் தள்ளிவந்து, ஆண்டியப்பன் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பொன்னையா ஏற்கனவே டிரைவர் சீற்றில் இருந்தான்.

"எறங்கச் சொல்லு," என்றான் ஆண்டியப்பன்.

"ஏன், எங் கார நான் ஓட்டக்கூடாதா? நாளைக்கு மாப்புள வீட்டுக்காரங்க கேட்டா, நானே ஓட்டிப் பார்த்தேன்னு சொல்லணும். குடிகாரன் பார்த்தான்னா சொல்றது?"

அதைக் கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னான். இரண்டு பேர் சிரித்தார்கள். ஆண்டியப்பன் துவாலையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்தான். முகம் கறுத்துப்போயிற்று.

பொன்னையா மேலே போய்த் திரும்பினான். காண்பிப்பதற்காக ஆண்டியப்பனைவிட வேகமாக இறங்கினான். தூறல் போட்டிருந்தது. வாசலுக்கு நேரே வந்தபோது அவன் மிதித்தது எங்களுக்குத் தெரிந்தது, தோள் முன்னுக்கு வந்தது. காரின் முன்பக்கத்திலிருந்து பன்றி அறுப்பதுபோல ஒரு சத்தம். கார் நிற்கவில்லை. எங்களைத் தாண்டி, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, பின்சக்கரம் தேய்ந்து வழுக்க, கீழே தண்ணீர்க் குழாயடி மண்மேட்டில் போய் மூக்கை வைத்து நின்றது.

நான் நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். பொன்னையா கதவைத் திறந்து இறங்கினான். நெற்றியில் ஒரு புடைப்பு, வேறொன்றும் இல்லை. கண்ணைப் பார்த்தேன், கழுத்தைத் தொட்டேன். நன்றாக இருந்தான்.

"பிரேக் புடிக்கல," என்றான். "மிதிச்சேன், மிதிச்சேன், புடிக்கல."

கூட்டம் முழுவதும் கேட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு ஆண்டியப்பன் சொன்ன அதே வார்த்தை. பேச்சியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவளுக்கு அப்போதும் தொண்டை கட்டித்தான் இருந்தது.

"நர்சம்மா, எங்கண்ணன் வாயக் கொஞ்சம் மோந்து பாருங்க."

"என்னாடி பேசுற?" என்றான் பொன்னையா.

"ஊது அண்ணே. பிரேக்குக்குக் கொறையில்லன்னா ஓட்டினவன் குடிச்சிருக்கணும். நீதானே சொன்ன?"

மேலே வாசலில் நாற்காலியிலிருந்து காளியாயி கத்தினாள். "ஊதுடா. அம்மா சொல்றேன், ஊது."

அவன் ஊதினான். முகர்ந்தேன்.

"வெத்தல, பாக்கு," என்றேன். "சாராயம் இல்ல. எனக்கு இன்னிக்குத் தடுமலும் இல்ல."

ஆண்டியப்பன் அதற்குள் நொண்டிக்கொண்டு வந்து முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தான். ஓட்டைக்குள் விரலை விட்டு எடுத்தான். சிவப்பாக, பிசுபிசுவென்று வந்தது. முகர்ந்தான். எழுந்து, அந்த விரலைப் பொன்னையாவின் முகத்துக்கு நேரே நீட்டினான். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவனிடம் நேராகப் பேசினான்.

"நல்லெண்ணெயா மச்சான்?"

பொன்னையா ஆமென்று தலையை ஆட்டினான்.

"நெத்தியில பூசுறத பிரேக்குல பூசியிருக்க. பின்னுக்கு ட்ரம் தனியா புடிச்சதால இந்த மேட்டோட போச்சு. இல்லன்னா பஜார்ல எறங்கியிருப்ப. ரெண்டு பொட்டுக்கே புடிக்கல. டயகம எறக்கம் முழுக்கச் சூடேறினா புடிக்குமா? சொல்லு, புடிக்குமா?"

"தொடச்சிட்டாப் போச்சு," என்றான் பொன்னையா.

"டிஸ்க்கத் தொடைக்கலாம். டிஸ்க்க அமுக்குற பேட் எண்ணெயக் குடிச்சிருச்சு, இனி ஒதவாது. புதுசு போடணும். போடுறேன். ஆனா நாளைக்குக் காலையில நீதான் சரிபுதீன் நானா கடைக்கு வந்து கேக்கணும். ஏன் வேணும்னு நீதான் சொல்லணும். இல்லன்னா ஒம் மக நடந்து போகட்டும்."

தனுஜா வேலியோரம் மருதாணிக் கையை விரித்துக்கொண்டு நின்றாள். "அப்பா, நான் நடக்க மாட்டேன்," என்றாள்.

மறுநாள் விடியும்போதே முச்சக்கர வண்டியில் ஹட்டனுக்குப் போனார்கள். காளியாயிக்கு நாப்கின் தீர்ந்துபோயிருந்தது, நானும் ஏறிக்கொண்டேன். மச்சான்கள் இருவருக்கும் நடுவில்தான் இடம் கிடைத்தது.

சரிபுதீன் கல்யாண அவசரம் என்று கடையை நேரத்தோடு திறந்து வைத்திருந்தார். உள்ளே ஒருவர் கிரைண்டரில் ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தார். லொறிக்காரர்கள் மூன்று நான்கு பேர் முன்னால் நின்றார்கள். அதில் இருவர் ஆண்டியப்பனோடு அதே தோட்டத்தில் லொறி ஓட்டியவர்கள்.

"என்ன பொன்னையா, பேட் புதுசாத்தானே கொண்டு போனீங்க?" என்றார் சரிபுதீன். "அதுக்குள்ள என்ன?"

பொன்னையா முணுமுணுத்தான்.

"நானா, அந்த மெஷின நிப்பாட்டச் சொல்லுங்க," என்றான் ஆண்டியப்பன். "இவருக்குத் தொண்ட சரியில்ல."

கிரைண்டர் நின்றது. லொறிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான் எண்ணெயப் பூசிட்டேன்," என்றான் பொன்னையா. "பொட்டு வச்சேன். புடிக்காமப் போச்சு."

"டிஸ்க்குக்கா?" என்றார் சரிபுதீன். அவர் சிரிக்கவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள்.

"மிச்சத்தையும் சொல்லு," என்றான் ஆண்டியப்பன்.

பொன்னையா என்னைப் பார்த்தான், நான் உதவவில்லை. பிறகு லொறிக்காரர்களைப் பார்த்தான்.

"டயகமவிலயும் பிரேக்தான் புடிக்கல. இவன் குடிச்சிருக்கல."

"ஊருக்கே தெரிய அப்ப வேற மாதிரிச் சொன்னீங்களே," என்றார் லொறிக்காரரில் ஒருவர்.

"இப்ப இப்படிச் சொல்றேன். போதுமா?"

சரிபுதீன் பேட் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். ஆண்டியப்பன் அதைத் திறந்து பார்த்து, ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டான். பொன்னையாவின் கை அதில் படவிடவில்லை.

வீட்டுக்கு வந்து பெற்றோல் ஊற்றி டிஸ்க்குகளைக் கழுவினான், பேட்டை மாற்றினான், கோயில் வளைவு வரை போய் வந்து வாசலில் நிறுத்திப் பார்த்தான். நின்றது. பட்டுச் சேலையோடு தனுஜா பின்னால் ஏறினாள். பொன்னையா குங்குமத் தட்டோடு வந்தான். ஆண்டியப்பன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி பொனட்டைக் காட்டினான். பொன்னையா அங்கே மட்டும் வைத்தான். தண்ணீரில் குழைத்தது.

கார் பஜாருக்கு இறங்கி மண்டப வாசலில் நின்றது. ஆண்டியப்பன் இறங்கி நான்கு சக்கரத்தையும் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்துவிட்டு, பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்டான். பந்திக்குக் கூப்பிட்டார்கள், அவன் உட்காரவில்லை. எதிர்க்கடையில் டீ வாங்கிக் குடித்துவிட்டு, அது ஆறியிருக்கிறது என்று சண்டை பிடித்தான். பேச்சியம்மா முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் காளியாயிக்கு ஊட்டினேன்.